சமய உரிமையும் கடைவீதிச் சமத்துவமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடகை அறையில், மாலை வகுப்பு ஒன்றோடு தொடங்கிய நமது கல்விச் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இந்நன்னாளில் கல்வியின் சிறப்பைப் புகழ்ந்து பேசிவிட்டு அமர்ந்துவிடலாம். அது எளிது, எல்லோருக்கும் இனியதும்கூட. ஆனால், விழாக் குழுவினர் நமக்குத் தந்துள்ள தலைப்பு அத்தகையதன்று. வணிகம் செய்வோர் தம் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி, ஒருபால் இணையருக்குப் பொருளோ பணியோ மறுக்கலாமா என்பதே அவர்கள் எழுப்பியுள்ள வினா. தலைப்பைக் கேட்டவுடன் மூத்தோர் சிலர் முகம் சுளித்ததை நாம் கண்டோம். "நமக்கே தீராத குறைகள் ஆயிரம் இருக்க, ஊரார் கவலை நமக்கு எதற்கு?" என்று கேட்டோரும் உண்டு.

இவ்வினா வெளியிலிருந்து வந்ததன்று. நம் இளைஞரிடமிருந்தே வந்தது. நம் மாலை வகுப்பில் பயின்று, இன்று ஒளிப்பட நிலையம் ஒன்றை நடத்திவரும் தம்பி ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார்: "ஐயா, இரண்டு பெண்கள் தாங்கள் இணைந்து வாழத் தொடங்கிய நாளின் நினைவாகப் படம் எடுத்துத் தரும்படி கேட்டால், நான் எடுக்கலாமா? எங்கள் சபையின் போதனை அதை ஏற்கவில்லை. மறுத்தால் அது என் சமய உரிமையா, இல்லை, நாமே செய்யும் தீண்டாமையா?" கேள்வியைக் கேட்டவர் நேர்மையாகக் கேட்டார். ஆகவே, நாமும் நேர்மையாகவே விடை தேட வேண்டும்.

முதற்கண், சமய உரிமையை நாம் இழிவாகப் பேசலாகாது. அவ்வுரிமையின் அருமையை நம் முன்னோரைப்போல் உணர்ந்தோர் யார்? மயிலாடியில் பிறந்த மகராசன் வேதமாணிக்கம், பிறப்பால் தமக்கு இடப்பட்ட இடத்தில் நிற்க மறுத்து, வேறொரு நெறியைத் தேடிச் சென்றார். அவர் அழைப்பின் பயனாக 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். நம் பகுதியில் நம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்த வரலாறு அங்கே தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதும் அவ்வுரிமையின் வெளிப்பாடே. தாம் விரும்பிய வண்ணம் வணங்கும் உரிமை நமக்கு விடுதலையின் வாயில்களுள் ஒன்றாக இருந்துள்ளது. அதைக் குறைத்துப் பேசும் எந்த வாதத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.

ஆயினும், அதே கடவுளின் பெயரால் நாம் எங்கெங்கே நிறுத்தப்பட்டோம் என்பதையும் மறந்துவிடலாகாது. வைக்கத்துக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் அறப்போர் தொடங்கியது. தெருவில் நடக்க விடாமைக்கு அன்று சொல்லப்பட்ட காரணம் யாது? காந்தியடிகள் 1925ஆம் ஆண்டு மார்ச்சில் வைக்கம் சென்று வைதிகரோடு உரையாடியபோது, தீண்டாதார் எனப்பட்டோர் தம் முற்பிறவி வினையின் பயனை நுகர்கின்றனர் என்றும், அவரை விலக்கி வைத்தல் தம் சமயக் கடமை என்றும் அவர்கள் வாதிட்டனர். அவர்கள் பொய்யாக நடித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை, உள்ளபடியே நம்பியிருக்கலாம். உண்மையான நம்பிக்கையாலும் ஒரு மனிதனைத் தெருவிலிருந்து துரத்த முடியும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். நமக்கு அண்மையில் உள்ள சுசீந்திரத்திலும் 1926ஆம் ஆண்டு இதே வழக்குக்காக அறப்போர் நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்ட பின்னரே கோயில்களின் கதவுகள் திறந்தன.

கோயில் கதவு திறந்துவிட்டதனால் தேநீர்க் கடையின் கதவு திறந்துவிடவில்லை. நம் தந்தையர்க்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றிய கடைகளை இங்குள்ள மூத்தோர் அறிவர். காசு ஒன்றே, தேயிலை ஒன்றே, அடுப்பும் ஒன்றே. கண்ணாடிக் குவளை மட்டும் வேறொருவருக்கு. முடி திருத்தும் கடையில் நாற்காலி இல்லை. உணவு விடுதியில் திண்ணைக்கு அப்பால் இடமில்லை. கடைக்காரரிடம் காரணம் கேட்டால், "இது எங்கள் ஆசாரம்" என்னும் ஒரே சொல்லில் விடை வந்துவிடும்.

இணையர் பற்றிய பேச்சாதலின், நம் மண்ணில் நடந்த ஒரு திருமணத்தையும் நினைவுகூர வேண்டும். 1818இல் நாகர்கோவிலுக்கு வந்து, பின்னர் இதோ நம் அருகிலுள்ள நெய்யூரில் நிலையம் அமைத்தவர் சார்லஸ் மீட் பாதிரியார். அவர் 1852ஆம் ஆண்டு நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஓர் உபதேசியாரின் மகளை மணந்துகொண்டார். சகோதரத்துவத்தைப் போதித்த அவருடைய உடன் ஊழியர்களே அத்திருமணத்தை ஏற்க மறுத்தனர். மீட் அவர்கள் தம் மிஷன் பணியையே துறக்க நேர்ந்தது. இன்று அத்திருமணத்தைக் குறைகூற நெய்யூரில் ஒருவரும் இரார். ஒரு காலத்தில் சமயத்திற்கே இழுக்கு என்று கருதப்பட்ட இணைவு, காலம் மாறியபின் யாருக்கும் இழுக்காகத் தோன்றவில்லை. எல்லா இணைவுகளும் இவ்வாறே ஆகும் என்று இதைக் கொண்டு நாம் முடிவு கட்டிவிடவில்லை. தீர்ப்புச் சொல்லுமுன் சற்று நிதானிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுகிறோம்.

இனி, அரசியல் சாசனத்திற்கு வருவோம். 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை, தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று 17ஆவது பிரிவு. கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்னும் பிரிவும் அதே நாளில் விவாதிக்கப்பட்டது. அதுவே இன்றைய 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. 'கடை' என்னும் சொல்லின் பொருள் யாது என்று அவையில் வினா எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் அளித்த விளக்கத்தின் சாரம் இது: நாடி வருவோர்க்குத் தன் பணியை அளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமெல்லாம் கடையே, உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, பணியையும் அளிக்க வேண்டும். அடிப்படை உரிமைகளுள் பெரும்பாலானவை அரசை நோக்கிப் பேசுகின்றன. இந்த ஓர் உட்பிரிவோ கடைக்காரரை நோக்கியே பேசுகிறது. கடைவாயிலில் நின்று அவமானம் கண்ட ஒரு சமுதாயத்தின் அனுபவம் இதன் பின்னே இருக்கிறது.

அதன் பின்னர் வந்தது 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. வணிகத்தின் வழக்கமான போக்கில் பிறர்க்கு விற்கும் பொருளை, அதே இடத்தில், அதே நிபந்தனையில், தீண்டாமை காரணமாக ஒருவருக்கு விற்க மறுப்பது அச்சட்டப்படி குற்றம். மேலும், சமயத்தையோ தத்துவத்தையோ வரலாற்றையோ காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்துவதும் அதைத் தூண்டுவதாகவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறுகிறது. "எங்கள் ஆசாரம்" என்னும் சொல்லுக்குச் சட்டம் இட்ட பூட்டு இது.

25ஆவது பிரிவு சமயச் சுதந்திரத்தை அனைவருக்கும் சமமாக வழங்குகிறது. ஆனால், அதன் தொடக்கத்தையே ஊன்றிப் படிக்க வேண்டும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொது நலவாழ்வு ஆகியவற்றுக்கும், அதே பகுதியிலுள்ள ஏனைய உரிமைகளுக்கும் உட்பட்டே அச்சுதந்திரம் தரப்பட்டுள்ளது. என் வழிபாடு என்னுடையது. அடுத்தவனின் சமத்துவத்தை அது விழுங்கிவிடலாகாது என்பதே இதன் பொருள்.

இனி, ஒருபால் இணையரைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழும் வாழ்வு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 15ஆவது பிரிவிலுள்ள 'பால்' என்னும் சொல், பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்று அந்நீதிபதிகளுள் சிலர் தம் தீர்ப்புரைகளில் எழுதினர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், ஒருபால் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொருள், பணி, தங்கும் இடம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்தது. ஒருபால் இணையருக்குக் கடையில் பணி மறுப்பதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை. ஆகவே, இங்கே சட்டத்தின் ஒளி பாதித் தொலைவுதான் வீசுகிறது. மீதித் தொலைவை நம் மனச்சான்றே கடக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டின் நீதிமன்றம் இவ்வழியில் முன்னோடியாக நடந்திருக்கிறது. ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்யத் தூத்துக்குடியில் அலுவலர் மறுத்தபோது, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைப் பதிவு செய்ய ஆணையிட்டது. அதே ஆண்டு, மணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் தங்கினார்கள் என்பதற்காகக் கோவையில் ஒரு விடுதி மூடி முத்திரையிடப்பட்ட வழக்கில், அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். இப்பொருளைத் தாம் முழுமையாக அறியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அறிந்தோரிடம் பாடம் கேட்ட பின்னரே அவர் எழுதினார். உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவரே மாணவராக அமர்ந்து கற்றார் எனில், நமக்குக் கற்பதில் என்ன நாணம்? 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மற்றொரு வழக்கில், திருமணம் ஒன்றினால் மட்டுமே குடும்பம் அமைகிறது என்பதில்லை. ஒருபால் இணையரும் குடும்பமாக வாழலாம் என்று அதே நீதிமன்றம் உரைத்தது.

கடைக்காரரின் சமய உரிமை பற்றிய நேரடி வழக்குகள் மேலைநாடுகளில் பல நடந்துள்ளன. அவற்றுள் நமக்கு மிகவும் நெருக்கமானது, ஒருபால் இணையரைப் பற்றியதே அன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் உணவுக் கடைகள் நடத்திய ஒருவர், கறுப்பின மக்களை வெள்ளையரோடு சமமாக வைத்து உணவளிப்பது இறைவனின் சித்தத்திற்கு மாறானது என்று வழக்காடினார். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தம் சமயச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என்று தள்ளிவிட்டது. சிரட்டையில் தேநீர் குடித்தவர்களின் மக்களாகிய நமக்கு இவ்வழக்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒருபால் இணையர் வழக்குகளில் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கிறித்தவத் தம்பதியர் தம் விடுதியில் இரு ஆண்களுக்கு ஒரே அறை தர மறுத்தனர்; 2013இல் உச்ச நீதிமன்றம் தம்பதியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், நம் தம்பியைப் போன்ற ஒளிப்படக் கலைஞர் ஒருவர் பெண்ணிணையர் விழாவைப் படமெடுக்க மறுத்த வழக்கில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2018இல் கொலராடோ மாநிலத்துக் கேக்குக் கடைக்காரர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அவருடைய நம்பிக்கையை மாநில ஆணையம் பகைமையோடு நடத்தியது என்பதே அதற்குக் காரணம். சமயத்தைக் காட்டி எவரும் பொதுவாகப் பணி மறுக்கலாம் என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. அதே 2018இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கேக்குக் கடை வழக்கில், ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை எழுத மறுத்தது ஆளை மறுத்தது ஆகாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் சொந்தப் படைப்பின் வழியாகத் தான் ஏற்காத கருத்தைச் சொல்லும்படி ஒருவரை அரசு வற்புறுத்த முடியாது என்று ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகளை அருகருகே வைத்து நோக்கினால், ஆளுக்கும் வாசகத்துக்கும் இடையே ஒரு கோடு தெரிகிறது. அந்தக் கோட்டை நம் ஊர்க் கடைவீதியில் வைத்துப் பார்ப்போம். கோயிலும் பள்ளிவாசலும் ஆலயமும் தத்தம் நெறிப்படி நடக்கட்டும். தாம் ஏற்காத ஒரு சடங்கை நடத்தும்படி எந்தப் போதகரையும், எந்தப் பூசாரியையும், எந்த இமாமையும் நாம் வற்புறுத்தவில்லை. அச்சகம் வைத்திருப்பவர், தம் நம்பிக்கையை இகழும் ஒரு வாசகத்தை யார் கேட்டாலும் அச்சிட மறுக்கலாம். அது ஆளைப் பார்த்துச் செய்யும் மறுப்பன்று. ஆனால் பூ, துணி, தேநீர், அறை, ஆட்டோ, பந்தல், சோறு, மருந்து இவற்றை வேறொருவர் கேட்டால் கொடுப்போம் எனில், இவர் கேட்டாலும் கொடுக்க வேண்டும். கடையில் அமர்ந்திருப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான்: இதே பொருளை இன்னொருவர் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா?

ஒளிப்படம் வைத்திருக்கும் தம்பிக்கு நாம் சொன்ன விடையும் இதுவே. அவர் மண்டைக்காட்டுக் கொடைவிழாவைப் படம் எடுக்கிறார். குளச்சலில் நிக்காகு வீட்டிலும் எடுக்கிறார். தம் சபையின் திருமணங்களையும் எடுக்கிறார். இதனால் அவர் மூன்று சமயங்களைத் தழுவிவிட்டார் என்று இதுவரை ஒருவரும் குறை கூறியதில்லை. படம் எடுப்பவர் ஆசி வழங்குவதில்லை. தம் தொழிலைச் செய்கிறார். இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் அடுத்தடுத்துக் கடை வைத்துப் பிழைக்கும் ஊர் நம்முடையது. 1982ஆம் ஆண்டு மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் இக்கடற்கரையை எவ்வாறு உலுக்கியது என்பதை மூத்தோர் மறந்திலர். வாங்க வருபவரின் நம்பிக்கையையும் நடத்தையையும் எடை போட்ட பின்னரே பொருளை எடை போடுவது என்று ஒவ்வொரு கடையும் தொடங்குமாயின், இவ்வூரில் யார் யாரிடம் எதை வாங்க முடியும்?

"ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போகட்டுமே" என்பார் உளர். நம் தந்தையரிடமும் இதையே சொன்னார்கள். பெருநகரில் அடுத்த கடை இருக்கும். சிற்றூரில் இருப்பதே ஒரு கடை. அங்கே மறுக்கப்பட்டவர் பொருளை மட்டும் இழப்பதில்லை, செய்தி ஊர் முழுதும் பரவித் தலைகுனிந்து நடக்க நேரிடும்.

"சாதிக் கொடுமையையும் இதையும் ஒன்றாக்குவது நம் துயரத்தைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?" என்னும் கேள்வி அதனினும் கனமானது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாமும் ஒப்புகிறோம். சாதி நம் உழைப்பைச் சுரண்டியது, நிலத்தை மறுத்தது, தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக நம்மை அழுத்தியது. அதற்கு ஒப்பு வேறில்லை. ஆயினும், ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடைவாயிலில் அவமானப்பட்டு அழுதுகொண்டு வந்த நம் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தாய் இருந்தாள். அதே அவமானத்தைத் தானும் பட்டவள் அவள். மகனை மடியில் சாய்த்துக்கொண்டாள். தன்பாலீர்ப்பு உடைய பிள்ளை வீடு திரும்பினால், பல வீடுகளில் அந்த மடியும் இல்லை. அடியும் சாபமும் கட்டாயத் திருமணமும் அப்பிள்ளைக்குக் காத்திருக்கின்றன. அத்தகைய பிள்ளைகள் நம் தெருக்களிலும் பிறக்கிறார்கள். நம் மாலை வகுப்புப் பலகைகளிலும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஊர் ஒரு கதவையும் உறவு மற்றொரு கதவையும் அடைக்கிறது. ஆகவே, மூத்தோர் சொன்னதுபோல் இது ஊரார் கவலை மட்டும் அன்று.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மவரிடம் கடைகள் மிகச் சிலவே. இன்று நம்மவர் தையற்கூடம் வைத்திருக்கின்றனர். வாடகை வண்டி ஓட்டுகின்றனர். பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்குத் தருகின்றனர். கணினி மையம் நடத்துகின்றனர். வீடு கட்டி வாடகைக்கு விடுகின்றனர். இதுவரை கடைவாயிலுக்கு வெளியே நின்ற நாம் இன்று கல்லாப் பெட்டிக்குப் பின்னே அமர்ந்திருக்கிறோம். இது நம் சங்கத்தின் வெற்றி. நம் கல்வியின் வெற்றி. அங்கே அமர்ந்தபின், வாசலில் நிற்பவரை எவ்விதம் நோக்குகிறோம் என்பதில்தான் அவ்வெற்றியின் தரம் தெரியும்.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, அரசியல் சாசனத்தின் 15, 17, 25 ஆகிய பிரிவுகளை நம் மாலை வகுப்பில் பாடமாக வைக்க வேண்டும். இரண்டாவது, நம் சங்கத்தின் உதவி பெற்றுத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும், வருவோர் எவராயினும் ஒரே விலை, ஒரே இருக்கை, ஒரே மரியாதை என்னும் உறுதிமொழியை ஏற்க வேண்டும். மூன்றாவது, வீட்டிலிருந்து விரட்டப்பட்ட எந்தப் பிள்ளையாவது நம் சங்கத்தின் படியேறி வந்தால், காரணம் கேட்குமுன் ஒரு வேளைச் சோறும் படுக்க ஒரு பாயும் கொடுக்க வேண்டும்.

இக்கருத்துகளோடு உடன்படாதோர் இவ்வவையில் இருக்கலாம். அவர்தம் நம்பிக்கைக்கு நாம் தலைவணங்குகிறோம். அதைக் கைவிடுமாறு கேட்கவில்லை. அந்நம்பிக்கையோடு ஆலயத்தில் மண்டியிடுங்கள், கோயிலில் கைகூப்புங்கள், வீட்டில் விளக்கேற்றுங்கள். கடையைத் திறக்கும்போது மட்டும் கதவை முழுதாகத் திறந்து வையுங்கள். நமக்கு மூடப்பட்ட கதவுகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். நம் கையால் ஒரு கதவும் மூடப்பட வேண்டா.

சங்கம் வளர்க! சமத்துவம் ஓங்குக!